கொடைக்கானல் அடுப்பில் பீன்ஸ் குழம்பு: பட்டர் பீன்ஸா, ராஜ்மாவா, மொச்சையா, டின்னா?

"அக்கா, ஆறு விசில் விட்டேன். இன்னும் கல்லு மாதிரி இருக்கு. பயறு சரியில்லையா, குக்கர் சரியில்லையா?"

மதுரையிலிருந்து மாற்றலாகி எங்கள் தெருவுக்குக் குடிவந்த பெண், கையில் குக்கரோடு வாசலில் நின்றாள். உள்ளே ராஜ்மா. தோல் வெடித்திருந்தது, நடுவில் பல் இறங்கவில்லை. பயறிலும் குறையில்லை, குக்கரிலும் குறையில்லை. மதுரைக் கணக்கில் சமைத்திருக்கிறாள். அடுப்பு இருப்பதோ ஏழாயிரம் அடி உயரத்தில்.

இதே கேள்வி வருடம் முழுக்க என்னிடம் வருகிறது. வீடெடுத்து ஒரு மாதம் தங்க வருகிறவர்கள், வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கலாம் என்று மேலே வந்துவிட்டவர்கள், புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள் எல்லோரும் கேட்கிறார்கள். சோற்றுக்கும் சப்பாத்திக்கும் ஆகிற மாதிரி கெட்டியாக ஒரு குழம்பு வைக்க வேண்டும். சந்தைக்குப் போனால் பட்டர் பீன்ஸ் காய், மளிகைக் கடையில் ராஜ்மாவும் மொச்சையும், பெரிய கடையில் டின். எதை எடுப்பது? நான்கையும் இந்த ஊர் அடுப்பிலேயே பல வருடம் வைத்துப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

## எதையெல்லாம் பார்த்து முடிவெடுப்பது

முதலில் பார்க்க வேண்டியது வேகுமா என்பதைத்தான். கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் 93 டிகிரியை ஒட்டியே தண்ணீர் கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு தீயை ஏற்றினாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். ஊட்டி இன்னும் சற்று உயரம், அங்கும் இதே கதைதான். அரிசியும் பருப்பும் இந்த ஏழு டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதல் நேரத்தில் வெந்துவிடும். காய்ந்த பயறுக்கு அதுவே பெரிய வித்தியாசம்.

குக்கர் இதைச் சரிக்கட்டும். முழுதாக அல்ல, பெரும்பகுதியை. வெயிட் தூக்குவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அழுத்தம் கூடுகிறது என்பதைப் பொறுத்தது. வெளிக்காற்றே இங்கே லேசு என்பதால், கீழே 120 டிகிரியை ஒட்டிப் போகிற குக்கர் இங்கே அதைவிட நான்கைந்து டிகிரி குறைவாகவே நிற்கும். கீழே ஆகும் நேரத்தோடு கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள்.

விசிலை எண்ணுவதையும் விட்டுவிடுங்கள். தீ பெரிதாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் ஆறு விசில் வரும், சிறிதாக இருந்தால் அரைமணி நேரத்தில் இரண்டு வரும். முதல் விசில் வந்ததும் தீயைத் தணித்து, கடிகாரத்தைப் பாருங்கள். கீழே நான் சொல்கிற நிமிடங்கள் எல்லாம் அந்த முதல் விசிலுக்குப் பிறகு, சிறுதீயில்.

அடுத்தது, முந்தின நாளே யோசிக்க வேண்டுமா என்பது. ஊறவைப்பதும் இங்கே மெதுவாகத்தான் நடக்கும். மார்கழியில் சமையலறைத் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். அதில் பயறு சீக்கிரம் உப்பாது.

மூன்றாவது, உண்மையான விலை. தராசில் நிற்கிற விலை வேறு, குழம்புச் சட்டிக்குள் விழுகிற விலை வேறு. தொலி, எரிவாயு, உங்கள் நேரம் எல்லாம் அதில் சேரும். கடைசியாக வயிறு, அப்புறம் எதோடு சாப்பிடப் போகிறீர்கள் என்பது.

| | பச்சைப் பட்டர் பீன்ஸ் | காய்ந்த ராஜ்மா | காய்ந்த மொச்சை | டின் ராஜ்மா |
|---|---|---|---|---|
| ஊறவைப்பது | வேண்டாம் | 12 மணி நேரம் | வறுத்து, 8–10 மணி நேரம் | வேண்டாம் |
| குக்கரில் | 6–8 நிமிடம் | 25–30 நிமிடம் | 20–25 நிமிடம் | தேவையில்லை |
| திறந்த பாத்திரத்தில் | 35–40 நிமிடம் | கூடவே கூடாது | வேகும், பொறுமை வேண்டும் | மசாலாவோடு 10 நிமிடம் |
| கண்ணுக்குத் தெரியாத செலவு | உரிக்கிற நேரம், தொலியின் எடை | எரிவாயு, முன்யோசனை | வண்டு, பழைய சரக்கு | விலை, உப்பு, காலி டின் |
| எதோடு நன்றாக இருக்கும் | சோறு, இட்லி, சப்பாத்தி | சப்பாத்தி, சீரகச் சோறு | சோறு, களி | சப்பாத்தி |

## பச்சைப் பட்டர் பீன்ஸ்

சந்தையில் நல்ல காய் கிடைக்கிற நாளில் நான் வேறு எதையும் யோசிப்பதே இல்லை. கீழே ஊரில் இதை உரித்த விதையாகக் கொஞ்சமே கொஞ்சம், கல்யாண வீட்டுக் குருமாவில்தான் பார்த்திருப்பீர்கள். இங்கே இது பக்கத்து வயலில் விளைவது. விதைக்குள்ளேயே ஈரம் இருப்பதால் ஊறவைக்கும் வேலை இல்லை, உயரமும் அதை அதிகம் பாதிப்பதில்லை. வெந்த விதையை நாக்கில் வைத்து மேலண்ணத்தோடு அழுத்தினால் வெண்ணெய் மாதிரி கரையும். பேருக்கு ஏற்ற பயறு.

ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்குவது நல்லது. கீழ்மலையில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் விளைகிற காய் பெரும்பாலும் ஒட்டன்சத்திரத்துக்கும் வத்தலக்குண்டுக்கும் இறங்கிவிடும். வாரநாளில் கடையில் இருப்பது இரண்டு மூன்று நாள் ஆன காயாக இருக்கலாம். நான் வழக்கமாக வாங்குகிற பாட்டி சாக்கை விரித்துக் காயைக் குவித்திருப்பார். தளதளவென்று பச்சையாக இருந்த காய்ப் பக்கம் நான் கையை நீட்டியபோது தடுத்துவிட்டார். "அது பிஞ்சு தாயி, பொரியலுக்குத்தான் ஆகும். கொழம்புக்கு இந்த வெளுத்ததை எடு." அவர் காட்டிய காயின் தொலி மஞ்சள் பூத்து, விதை இருக்கிற இடமெல்லாம் புடைத்துத் தெரிந்தது. உரித்துப் பார்த்தால் விதையில் நகம் பதிய வேண்டும், ஆனால் பால் வரக்கூடாது. அதுதான் பதம். நகமே பதியவில்லை என்றால் அது காய்ந்த கணக்கு. இரவு முழுக்க ஊறவைக்க வேண்டியதுதான்.

உரித்து வைத்த விதையைப் பையில் கட்டி விற்பதும் உண்டு. அவசரத்துக்கு நல்லது, ஆனால் பார்த்து வாங்குங்கள். காய்ந்த விதையை ஊறவைத்துப் பச்சை விதையோடு கலந்திருந்தால் தொட்டாலே தெரியும். ஊறிய விதையின் தோல் தளர்ந்து வழவழப்பாக இருக்கும், முகர்ந்தால் லேசாகப் புளித்த வாடை வரும். பச்சை விதையின் தோல் இறுக்கமாக இருக்கும், புல் வாசனை அடிக்கும்.

இனி செலவுக்கு வருவோம். ஒரு கிலோ காய் உரித்தால் என் கைக்கு அரைக் கிலோவுக்குக் குறைவாகத்தான் விதை தேறுகிறது. அதாவது பலகையில் எழுதியிருக்கிற விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல்தான் உண்மை விலை. ஏப்ரல், மே சீசனில் ஊர் நிறைய ஆள் ஏறிவிடும், காய் விலையும் ஏறும். அந்த மாதங்களில் இது மலிவான குழம்பே அல்ல. ஒரு கிலோ உரிக்கத் தனி ஆளுக்கு அரைமணி நேரம் ஆகும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வெயில் விழுகிற திண்ணையில் முறத்தோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே முடித்துவிடுவார்கள். காலையில் வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு அந்த அரைமணி நேரம் பெரிய விஷயம்.

நான் வைக்கிற விதம் இது. நாலு பேருக்கு முக்கால் கிலோ காயை உரித்துக்கொள்ள வேண்டும். விதை மூழ்கி இரண்டு விரல்கடை மேலே நிற்கும்படி தண்ணீர் விட்டு, மஞ்சள்தூளும் சிட்டிகை உப்பும் போட்டு முதல் விசிலுக்குப் பிறகு 6 நிமிடம். முதல் தடவை என்றால் குக்கர் வேண்டாம், மூடி போட்ட பாத்திரத்தில் வையுங்கள். அடிக்கடி எடுத்து நசுக்கிப் பார்க்கலாம், குழைந்துபோகாது. விதை விரலுக்கிடையில் முழுதாக மசிய வேண்டும். பயறு எதுவானாலும் நறுக்கென்று அரைவேக்காட்டில் இறக்குவது சரியல்ல.

இன்னொரு அடுப்பில் எண்ணெய் காய்ந்ததும் ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, அரை ஸ்பூன் சோம்பு. பதினைந்து சின்ன வெங்காயம், எட்டுப் பல் பூண்டு. இந்த மலையில் இருந்துகொண்டு கீழேயிருந்து வருகிற பூண்டை வாங்காதீர்கள். பூம்பாறைப் பக்கம் விளைகிற மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் நாலு பல் தட்டிப் போட்டாலே தெரு முனை வரை மணக்கும், பயறுக்கும் பூண்டுக்கும் அப்படி ஒரு பொருத்தம். வெங்காயம் சிவந்ததும் இரண்டு தக்காளி, ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள், இரண்டு ஸ்பூன் மல்லித்தூள். பச்சை வாசனை போனதும் பயறை வெந்த தண்ணீரோடு ஊற்றி, அரைமூடித் தேங்காயும் அரை ஸ்பூன் சோம்பும் அரைத்த விழுதைச் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். ஒரு கரண்டிப் பயறை எடுத்துக் கரண்டியின் முதுகால் சட்டி ஓரத்தில் நசுக்கிக் கலந்தால் குழம்பு தானாகக் கெட்டியாகும். வேறு எந்த மாவும் வேண்டாம்.

## காய்ந்த ராஜ்மா

எதிர்மறையாகச் சொல்லத் தொடங்க மனமில்லை, ராஜ்மாவும் மலைப்பிள்ளைதான். ஜம்முவின் பதர்வா பகுதி ராஜ்மாவுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நல்ல ராஜ்மாவின் கெட்டியான சாற்றுக்கு ஈடு கிடையாது. ஆனால் இந்த நான்கில் தவறு செய்தால் உடம்பை அதிகம் கெடுக்கக்கூடியதும் இதுதான், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன்னால் தங்கை குடும்பத்தோடு வந்திருந்தாள். ஐப்பசி மழை, சிலிண்டர் தீர்ந்துவிட்டது. பின்கட்டு விறகடுப்பில் திறந்த பானையில் ராஜ்மாவை வைத்தேன். இரண்டு மணி நேரம் கொதித்தது. எடுத்துப் பார்த்தேன்: வெளியே மெத்தென்று இருந்தது, நடுவில் மட்டும் லேசாக மாவு மாதிரி. பசியில் பிள்ளைகள் காத்திருக்கிறார்களே என்று மசாலாவைக் கொட்டி இறக்கிவிட்டேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, தங்கை மகன் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். அப்புறம் அவன் அக்கா, அப்புறம் நான். விடிவதற்குள் எல்லோருக்கும் சரியாகிவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளை துவண்டு என் மடியில் கிடந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகைப் புரதம் ஒன்று மற்றப் பயறுகளைவிட மிக அதிகம். வேகாத பயறு நாலைந்தே வயிற்றைப் புரட்டப் போதும். 100 டிகிரியில் நன்றாகக் கொதித்தால் அது அழிந்துவிடும். 80 டிகிரி போன்ற மிதமான சூட்டிலேயே கிடந்தால் அழியாது, நச்சு கூடவும் செய்யும். நம் ஊரில் திறந்த பானை 100 டிகிரியைத் தொடுவதே இல்லை என்பதை மேலே சொன்னேன். ஆகவே மலையில் ராஜ்மா என்றால் குக்கர் மட்டும்தான். மெதுவாகச் சமைக்கிற மின்சாரப் பாத்திரம், கொதிக்க வைத்து மூடி வைக்கிற சூடு காக்கும் பாத்திரம் இரண்டிலும் நேரடியாக வைக்கவே வைக்காதீர்கள்.

சரி, குக்கர் இருக்கிறது. இரவே வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்புப் போட்டு ஊறவையுங்கள். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று பலர் நம்புகிறார்கள். ஊறும் தண்ணீரில் உப்பு தோலை இளக்கத்தான் செய்கிறது. வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. தக்காளியோ புளியோ பயறு வெந்த பிறகுதான் போக வேண்டும். அந்த மதுரைப் பெண் செய்த இரண்டாவது தவறு அதுதான், பயறோடு தக்காளியையும் சேர்த்தே குக்கரில் வைத்திருந்தாள். காலையில் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் விட்டு 25 நிமிடம். பழைய சரக்கு என்றால் 30. ஆவி தானாக அடங்கிய பிறகு ஐந்தாறு பயறை வெவ்வேறு இடத்திலிருந்து எடுத்து நசுக்கிப் பாருங்கள். ஒன்று நறுக்கென்றாலும் திரும்ப அடுப்பில் ஏற்றுங்கள். சோடா உப்பு போட்டால் சீக்கிரம் வேகும், ஆனால் சோப்பு வாடை வரும், பி1 வைட்டமினும் கெடும். நான் போடுவதில்லை.

பெரிய கருஞ்சிவப்பு ரகத்தைவிடச் சின்ன ரகமும் புள்ளி போட்ட சித்ரா ரகமும் இங்கே எளிதாக வேகின்றன. 100 கிராம் காய்ந்த ராஜ்மா வெந்ததும் 240 கிராம் வரை வரும். அதனால் எரிவாயுவைக் கூட்டினாலும் ஆள் அதிகமான வீட்டுக்கு இது கட்டுப்படியாகும். ஆறேழு பேர், சப்பாத்தி, முந்தின இரவே திட்டம், கையில் நல்ல குக்கர்: இந்த நான்கும் சேர்ந்தால் ராஜ்மாவை எடுங்கள். மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத வீட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு மட்டுமே இருந்தால் வேண்டாம். பாதி வேகும்போது கரண்ட் போனால் அந்தப் பானையை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பீர்கள்.

## மொச்சை

இது நமக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கம், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். தை பிறக்கும்போது பச்சை மொச்சை வந்துவிடும். அப்போது பட்டர் பீன்ஸுக்குச் சொன்னது எல்லாம் இதற்கும் பொருந்தும். கத்தரிக்காயோடு சேர்த்தால் அதன் ருசியே தனி.

மற்ற மாதங்களில் காய்ந்த மொச்சை. வாசனை வரும்வரை வெறும் வாணலியில் வறுத்துவிட்டு ஊறவைத்தால் பச்சை வாடை போகும். 20 முதல் 25 நிமிடம் குக்கரில். அதன்பிறகு புளி கரைத்த குழம்பில் போட்டு எண்ணெய் பிரியும்வரை சுண்ட விடுங்கள். இதற்குத் தேங்காய், பட்டை எல்லாம் வேண்டாம். வடகம் தாளித்தால் போதும். சப்பாத்திக்கு எடுபடாது. சோற்றுக்கும் கேழ்வரகுக் களிக்கும் இதை அடிக்க ஆளில்லை.

ஒரு எச்சரிக்கை. இந்த ஊரில் பனிமூட்டமும் மழையும் மாதக்கணக்கில் நிற்கும், பயறை எடுத்து வெயிலில் காயப்போட முடியாது. மலிவாக இருக்கிறது என்று ஐந்து கிலோ வாங்கி வைத்தால் ஈரம் ஏறிப் பூசணம் பூக்கும், இல்லையென்றால் வண்டு விழும். ஒரு மாதத்துக்கு மேல் வாங்காதீர்கள், இறுக்கமாக மூடுகிற டப்பாவில் வையுங்கள். வாயுத் தொல்லை இருப்பவர்கள் ஊறிய தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிடுங்கள். வாயுவைக் கிளப்புகிற சர்க்கரைகளில் ஒரு பங்கு அதிலேயே இறங்கிவிடுகிறது. ஒரு படி மேலே போய்த் தோலைப் பிதுக்கி எடுத்துவிட்டுப் பிதுக்கம்பருப்பாக வைத்தால் பெரியவர்கள் வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளும்.

## டின் ராஜ்மா

டின்னுக்குள்ளேயே அழுத்தத்தில் வேகவைத்தது என்பதால் உயரத்தின் தொல்லையும் இல்லை, நச்சுப் பயமும் இல்லை. ஒற்றை அடுப்போடு ஒரு அறையில் தங்கியிருப்பவர்களுக்கும், இரவு ஒன்பது மணிக்குப் பசியோடு மலையேறி வந்தவர்களுக்கும் இது போதும். 400 கிராம் டின்னில் தண்ணீரை வடித்தால் 240 கிராம்தான் பயறு, அதாவது 100 கிராம் காய்ந்த ராஜ்மாவுக்குச் சமம். கடையில் இரண்டின் விலையையும் அப்படி வைத்துப் பாருங்கள், நெஞ்சு அடைக்கும். உப்புத் தண்ணீரை வடித்து அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள். காலி டின்னைக் கழுவி உங்கள் பையிலேயே எடுத்துப் போங்கள், சோலைக்குள் வீசிவிட்டுப் போகாதீர்கள்.

## யாருக்கு எது

காய் கிடைக்கிறது, உரிக்க ஒரு கை இருக்கிறது என்றால் பட்டர் பீன்ஸ். குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிற வீட்டுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். ஞாயிறு நிறைய வாங்கி உரித்து, கொதிதண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு வடித்து ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் ஓட்டலாம். சமைக்கும்போது வழக்கம்போல முழுதாக வேகவிட வேண்டும். காய் இல்லாத வாரத்தில், கூட்டம் பெரிது என்றால் ராஜ்மா. சோறுதான் சாப்பாடு என்றால் மொச்சை. வேறு வழியே இல்லாத இரவுக்கு ஒரே ஒரு டின் அலமாரியில் இருக்கட்டும்.

அந்த மதுரைப் பெண்ணின் ராஜ்மாவை அன்றைக்கே மீட்டுவிட்டோம். தக்காளிச் சாற்றை வடித்தெடுத்துத் தனியாக வைத்துவிட்டு, பயறை அலசி, புதுத் தண்ணீரில் இன்னும் அரைமணி நேரம். வெந்ததும் வடித்த சாற்றைத் திரும்ப ஊற்றிக் கொதிக்க விட்டோம். அடுத்த ஞாயிறு அவளும் மாமியாரும் இரண்டு கிலோ பட்டர் பீன்ஸோடு வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தார்கள். வெயில் போகிறவரை மூன்று பேரும் உரித்தோம். தொலியைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டாள்.